இருட்டுக்கடையா, கோவில்பட்டியா, அமுலா?

தின்பண்டத் தொழிலில் இறங்குகிறவர்கள் சரக்கு தயாராகும் முன்பே "இதற்கு என்ன கதை சொல்லலாம்?" என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். யோசிக்கத்தான் வேண்டும். ஒரே விலையில் இரண்டு பொட்டலங்கள் அருகருகே இருந்தால், நாம் ஏதாவது கேள்விப்பட்டிருக்கும் பொட்டலத்தின் பக்கம்தான் கை போகும். ஆனால் எல்லாக் கதைகளுக்கும் ஒரே ஆயுள் இல்லை. கடையின் கதை, ஊரின் கதை, உற்பத்தி செய்கிறவர்களின் கதை என்று மூன்றை எடுத்துப் பார்க்கலாம்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் அல்வாக் கடையை எல்லோருக்கும் தெரியும். மாலையில் திறப்பார்கள், சில மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். மங்கலான வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் ஊர் மக்களே வைத்த பெயர்தான் இருட்டுக்கடை. வரிசையில் நின்று வாங்கியவர் ரயிலேறி வந்து தன் வீட்டில் அதைச் சொல்கிறார். கதையைச் சுமப்பது வாடிக்கையாளர் என்பதே இதன் பலம். தட்டுப்பாட்டிலும் நியாயம் உண்டு. கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டி இறக்குகிற பண்டம் நினைத்தவுடன் பெருகாது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த வழி திறந்தில்லை. இப்படியொரு பெயரைத் தலைமுறைகள் சேர்ந்துதான் தர முடியும். விளக்கைக் குறைத்து, பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டால் வந்துவிடாது.

ஊரின் கதை பொதுச் சொத்து. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பண்டம் இந்த ஊருக்கே உரியது என்னும் சட்டப் பதிவு, கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று அதன் கதை முழுக்க மண்ணோடு ஒட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. சிறிய தயாரிப்பாளருக்கு இது பெரிய வசதி. அவர் பெயரை ஒருவரும் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஊரின் பெயர் அவருக்காகப் பேசும்.

பொதுச் சொத்துக்கு உள்ள ஆபத்தும் இதற்கு உண்டு. எங்கோ செய்த கடலைமிட்டாயின் மீதும் ஊர்ப் பெயரை அச்சடித்து விற்கலாம். சட்டம் பதிவுபெற்றவர் பக்கம் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு போலிப் பொட்டலத்தின் பின்னாலும் வழக்கோடு அலைய ஒரு குடிசைத் தொழில்காரருக்கு ஏது நேரம்? அதைவிட எனக்கு ஆதங்கமான விஷயம், அசல் தயாரிப்பாளர்களில் பலர் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வது. வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் அது வளையாமல் படக்கென்று உடைய வேண்டும். அந்தப் பதம் தப்பினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், கூடிப்போனால் கசக்கும். அந்தப் பதத்தைக் கண்ணாலேயே சொல்கிற கைகள் அந்த ஊரில் இருக்கின்றன. அட்டைப்பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை.

மூன்றாவது வகைக்கு அமுலைவிடப் பெரிய சாட்சி இந்தியாவில் இல்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால்காரர்களுக்குக் கட்டுப்படியாகாத விலை கொடுத்துவந்த இடைத்தரகர்களையும் போல்சன் என்ற தனியார் பால் நிறுவனத்தையும் எதிர்த்து, திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946இல் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தை அமுலாக வளர்த்த வர்கீஸ் குரியன் 1949இல் அது இருந்த ஆனந்த் ஊருக்கு வந்தார். புள்ளிச் சட்டை போட்ட வெண்ணெய்ச் சிறுமி விளம்பரத்துக்கு வந்தது 1966இல்தான். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் பாலுக்கு நியாயமான விலை, இருபது ஆண்டு கழித்துச் சிறுமி. பால் கூட்டுறவைக் கதையாக்கி 1976இல் ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' படத்துக்கு ஐந்து லட்சம் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள். தங்கள் கதையைத் தாங்களே காசு கொடுத்துச் சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். போட்டி நிறுவனம் இன்னொரு சிறுமியை வரைந்துகொள்ளலாம். அந்த இரண்டு ரூபாயை எங்கே போய்த் திரட்டும்?

இதன் சுமையும் பெரிது. விவசாயிக்குக் குறைவாகக் கொடுத்த நாளில் கதை பொய்யாகிவிடும். கடையின் கதை ருசி கெடும்வரை தாங்கும், ஊரின் கதை போலி பெருகும்வரை தாங்கும். உற்பத்தியாளரின் கதையோ ஒவ்வொரு பட்டுவாடாவிலும் சோதனைக்கு உள்ளாகிறது.

நான்காவதாக இட்டுக்கட்டிய கதையும் இருக்கிறது. ஹாகன்-டாஸ் ஐஸ்கிரீம் பிறந்தது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். டென்மார்க்கை நினைவூட்டும் பெயர் வேண்டும் என்று உருவாக்கிய சொல் அது, எந்த மொழியிலும் பொருள் கிடையாது. அது பிழைத்ததற்குக் காரணம் உள்ளே இருந்த கெட்டியான, கொழுப்புச் சத்து மிகுந்த ஐஸ்கிரீம். நம் கடைகளில் பெருகிவரும் 'பாட்டி கைப்பக்குவம்' முறுக்குகளுக்கு அந்த நியாயம்கூட இல்லை. முன்பக்கம் கண்டாங்கிச் சேலையில் ஒரு பாட்டி, பின்பக்கம் திருப்பினால் மூலப்பொருள் பட்டியலில் பாமாயில். எடை அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்தப் பட்டியலைப் படித்தாலே பாட்டி எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும். உண்மையிலேயே செக்கு எண்ணெயில் சுட்டு, கட்டுப்படியாகாமல் திணறுகிற பெண்களின் பிழைப்பில் இந்தப் பொய்ப் பாட்டிகள் மண்ணைப் போடுகிறார்கள்.

இன்று தொழில் தொடங்குகிறவர் என்னைக் கேட்டால் மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். அதற்கு ஐந்து லட்சம் பேர் வேண்டாம். கடலை எந்த ஊர்க் களத்திலிருந்து வந்தது, எந்த மாதம் அறுவடையானது, விவசாயிக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தோம் என்று மூன்று வரியைப் பொட்டலத்தில் அச்சடிக்கலாம். ஊர்ப் பெயருக்கு உரிமை இருந்தால் அதையும் பதிவுசெய்து சேர்த்துக்கொள்ளலாம். விலையை அச்சடிக்கத் தயங்குகிறவர், பேச்சை விட்டுவிட்டு முதலில் கொள்முதல் கணக்கைச் சரிசெய்யட்டும்.