16 வருடம் கழித்து அம்மாவோடு ஒரு மாட்னி

இந்த முறை ஊரில் இருந்த மூன்று வாரமும் வங்கி, ஆதார் மையம், பல் டாக்டர், ஜவுளிக்கடை என்று அலைச்சல்தான். ஆனால் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது ஒரே ஒரு இடத்தைப் பற்றி. மதுரையில் வைகைக்கு வடகரையில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பழைய தியேட்டர். கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. இப்போது புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். பெயரைப் போடவில்லை. நல்லதோடு குறையையும் சொல்லப்போகிறேன், இந்தக் காலத்தில் ஒரு தியேட்டரை இடிக்காமல் காப்பாற்றியவர்களை ஊரறிய நோகடிக்க மனசு வரவில்லை.

அம்மாவுக்கு 74 வயது. கடைசியாக தியேட்டரில் படம் பார்த்தது அப்பா இருந்தபோது, 16 வருடத்துக்கு முன்னால். அதற்கப்புறம் முட்டி வலி வந்துவிட்டது. எப்போது கூப்பிட்டாலும், “அந்தப் படியில யாரு ஏறி இறங்குறது, டிவியில போடுவான்ல, பாத்துக்கலாம்” என்றுதான் பதில். இந்தத் தடவை பக்கத்து வீட்டு அக்கா வந்து, “அத்தை, இப்ப படியே இல்ல, சரிவா கட்டியிருக்காங்க” என்று சொன்ன பிறகுதான் அம்மா முகத்தில் ஆசை தெரிந்தது.

மெல்போர்னில் இருக்கிற பழக்கத்தில் முதலில் போனில் டிக்கெட் போடப் பார்த்தேன். சீட் எல்லாம் தேர்வு செய்து கடைசிப் படிக்குப் போனால் என் ஆஸ்திரேலிய கார்டை ஏற்கவில்லை. மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அதே இடத்தில் நின்றது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களிடம் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் வங்கிக் கணக்கு) இருந்தால், 2023 முதல் ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர், அமெரிக்கா, இங்கிலாந்து, அமீரகம் உட்பட சில நாடுகளின் மொபைல் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம். உங்கள் வங்கியும் நீங்கள் பயன்படுத்தும் செயலியும் அதற்கு இடம் தரவேண்டும், அதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் வந்துவிட்டேன். தியேட்டரில் மட்டும் இல்லை, பூக்காரம்மாவிடம்கூட சில்லறைக்குத் தவிக்க வேண்டியிருந்தது.

சரி, கவுண்டருக்கே போவோம் என்று காலையில் நடந்து போனேன். அந்தக் கவுண்டர் இன்னும் இருப்பதுதான் எனக்கு முதல் சந்தோஷம். சின்ன வயதில் அது ஒரு குகை. இரண்டு பக்கமும் சுவர், ஒரு ஆள் அகலம், தலைக்கு மேல் கம்பி வலை. உள்ளே போய்விட்டால் டிக்கெட்டோடுதான் வெளியே வரமுடியும். பெண்களுக்குத் தனி வரிசை, அதிலும் அதே நெரிசல். ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டு போட்டுவிட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம், அதைக் கேட்டதும் தெருவிலிருந்து ஓட்டமாக ஓடுவோம். இப்போது அந்தச் சுவர்களை எடுத்துவிட்டார்கள். வெளிச்சமான ஒரு ஜன்னல், நிழலுக்குக் கூரை, உட்கார நான்கு நாற்காலி. எனக்கு முன்னால் லுங்கி கட்டிய ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து நீட்டி இரண்டு டிக்கெட் வாங்கினார். போன் வேண்டாம், செயலி வேண்டாம், கூடுதல் கட்டணம் வேண்டாம். பாதி சீட்டுகளை கவுண்டருக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பதாக உள்ளே இருந்த பையன் சொன்னான். ஏரியா தியேட்டர் என்றால் ஏரியாக்காரர் நடந்து வந்து டிக்கெட் வாங்கத்தானே வேண்டும். இதை யோசித்துச் செய்தவருக்கு என் மனமார்ந்த நன்றி.

டிக்கெட் ஆளுக்கு 120 ரூபாய். மல்டிபிளெக்ஸுக்கு அரசு 2017-இல் வைத்த உச்சவரம்பு 150 ரூபாய், வரியெல்லாம் சேர்ந்தால் 180-க்கு மேல் வந்துவிடுகிறது. நான்கு பேர் போனால் 240 ரூபாய்க்கு மேல் மிச்சம். மெல்போர்ன் கணக்கில் அது ஒன்றுமில்லை, ஆனால் எங்கள் தெருவில் அது ஒரு நாள் காய்கறியும் பாலும்.

ஆட்டோவில் போகும்போது அம்மா பழைய தியேட்டர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். 1937-இல் வந்த சிந்தாமணி படத்தின் லாபத்தில் எழுந்த சிந்தாமணி தியேட்டர். 1952 தீபாவளிக்குத் திறந்த தங்கம், 2,563 இருக்கை, ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக்கொண்டது. பகலில் நூலகமாகவும் மாலையில் இங்கிலீஷ் படக் கொட்டகையாகவும் இருந்த ரீகல். தங்கமும் சிந்தாமணியும் இருந்த இடத்தில் ஜவுளி வியாபாரம் வந்துவிட்டது. “தங்கத்துல தரை டிக்கெட்ல உக்காந்தா திரை வானம் மாதிரி இருக்கும்டி” என்றார். எங்கள் தியேட்டரும் இன்னொரு ஜவுளிக்கடையாகவோ கல்யாண மண்டபமாகவோ ஆகியிருக்கலாம். ஆகவில்லை.

வாசலில் சரிவுப் பாதை இருந்தது. சும்மா பேருக்குக் கட்டியது இல்லை. மெதுவான ஏற்றம், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஸ்டீல் குழாய், வழுக்காத சொரசொரப்புக் கல். அம்மா ஒரு கையால் குழாயையும் மறுகையால் என்னையும் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஏறினார். மேலே நின்ற பணியாளர், “பாத்து வாங்கம்மா, அவசரமே இல்ல, இன்னும் படம் போடல” என்று சொல்லி, வரிசையின் ஓரத்து சீட்டுக்கு மாற்றியும் கொடுத்தார்.

வாசல் கூடத்தில் பழைய புரொஜெக்டரைத் துடைத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் செம்புப் பூச்சுப் போட்ட இரண்டு கார்பன் குச்சிகள். அதைப் பார்த்ததும் நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. பள்ளிக்கூட நாளில் தியேட்டரின் பின்பக்கம் குப்பையில் எரிந்து மிச்சமான குச்சிகளைப் பொறுக்கி, கறுத்த நுனியால் சுவரில் எழுதுவோம். வெட்டிப்போட்ட பிலிம் துண்டு கிடைத்தால் அன்றைக்கு நான்தான் ராணி. அந்தப் பணியாளர் முன்பு ஆபரேட்டர் அறையில் உதவியாளராக இருந்தவராம். இரண்டு குச்சியின் நுனிகளுக்கு நடுவில் எரியும் ஒளிதான் அந்தக் காலத்தில் படத்தைத் திரைக்கு அனுப்பியது. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மங்கிவிடும், கீழே விசில் பறக்கும். 2,000 அடி சுருள் ஒன்று 20 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், அதற்குள் அடுத்த மிஷினில் அடுத்த சுருள் தயாராக நிற்கவேண்டும். என் மகளுக்கு இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அவள் வாய் பிளந்து கேட்டாள். இப்போது மேலே இருப்பது லேசர் புரொஜெக்டர், 20,000 மணி நேரத்துக்கு மேல் விளக்கை மாற்றவே வேண்டாமாம். சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை. புது மிஷினையும் அதே ஆசையோடுதான் சொன்னார்.

பழைய பால்கனியைத் தனியாகப் பிரித்து இரண்டாவது அரங்காக்கிவிட்டார்கள். எங்களுக்குக் கீழ் அரங்கு. சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் தாராளமான இடம், அம்மா காலை நீட்டிக்கொண்டார். படம் பளிச்சென்று இருந்தது, ஓரம் மங்கலோ நடுவில் நிழலோ எதுவும் இல்லை.

பெண்கள் கழிப்பறையைப் பற்றி நான் எழுதியே ஆகவேண்டும். முன்பெல்லாம் அதற்குப் பயந்தே வீட்டிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவோம். இப்போது தரை காய்ந்திருந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. கதவின் உள்பக்கம் கைப்பையை மாட்ட ஒரு கொக்கி. உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்கு ஒரு அறையில் வெஸ்டர்ன் வைத்து, பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டிருந்தார்கள். இடைவேளையில் ஒரு அம்மா அங்கேயே நின்று துடைத்துக்கொண்டிருந்தார்.

குடிதண்ணீர் விஷயமும் நல்லது. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் நல்ல குடிநீரை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல இடங்களில் குழாயைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இங்கே கேன்டீனுக்கு எதிரிலேயே குழாய், மேலே ‘குடிநீர்’ என்று பெரிய எழுத்தில் பலகை. கேன்டீனில் பாப்கார்னோடு முறுக்கும் தேங்காய் பன்னும் இருந்தன. பன் பழைய ருசி இல்லை. காபி பரவாயில்லை.

இப்போது குறை. சத்தம் ரொம்ப அதிகம். சண்டைக் காட்சி வந்ததும் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், எங்களுக்கு முன்வரிசையில் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. இடைவேளையில் போய்ச் சொன்னோம். தலையாட்டினார்கள், குறைத்ததாகத் தெரியவில்லை. அவ்வளவு நல்ல ஸ்பீக்கர் இருக்கும்போது வசனம் கேட்கிற அளவுக்கு வைத்தாலே போதும். இரண்டாவது குறை, மேல் அரங்குக்கு லிஃப்ட் இல்லை. நல்ல படம் மேலே ஓடினால் அம்மா மாதிரி இருப்பவர்கள் கீழே ஓடுவதைத்தான் பார்க்கவேண்டும். எது எந்த அரங்கில் என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, படம் விட்டதும் வண்டிகளும் ஆட்களும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கிறார்கள். வயதானவர்களோடு போனால் ஐந்து நிமிடம் சீட்டிலேயே இருந்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் கரைந்ததும் அந்தப் பணியாளரே வந்து, “சரிவுல இப்ப ஆள் இல்ல, வாங்கம்மா” என்று கூப்பிட்டார். வெளியே வந்ததும் ஆட்டோ பிடிக்கக் கை நீட்டினேன், அம்மா வேண்டாம் என்றார். வழியில் மல்லிகைப்பூ வாங்கினோம், டீக்கடை வாசலில் கொஞ்சம் நின்றோம். பத்து நிமிட நடை அரை மணி ஆனது. மறுநாள் காலை போனில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார், “அடுத்த வாரம் கீழ என்னடி படம்?”