செங்கோலும் கெடுவும்: அரசப் பிரதிநிதி முறைகளில் எது தேறும்?

சித்திரைத் திருவிழா பட்டாபிஷேகத்தில் மீனாட்சியம்மனின் செங்கோலைக் கோயில் நிர்வாகத் தலைவர் வாங்கிப் பிரகாரம் சுற்றிவந்து, அம்மனிடமே சேர்த்துவிடுகிறார். எப்போது வாங்குவது, எப்போது கொடுப்பது என்பதில் மதுரையில் யாருக்கும் குழப்பமில்லை. அரசர் பெயரில் கையெழுத்துப் போடும் பிரதிநிதிகள் விஷயம் அப்படியல்ல. ஆள் நல்லவரா என்ற கேள்வி அங்கே அதிகம் உதவாது. அவரை யார் நீக்கலாம், கையெழுத்துக்குக் கெடு உண்டா என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

முதலில் ஆஸ்திரேலியா, கனடா முறை. பிரதமர் சொல்லும் ஆளை பிரிட்டிஷ் அரசர் கவர்னர் ஜெனரலாக, அதாவது தன் பிரதிநிதியாக, நியமிப்பார். தேர்தல் கிடையாது, மசோதாவைக் கிடப்பில் போடும் வழக்கமும் இல்லை. சிக்கல் நீக்குவதில்தான். பிரதமர் அரண்மனைக்குச் சொல்லி கவர்னர் ஜெனரலை நீக்கலாம். கவர்னர் ஜெனரலும் பிரதமரை நீக்கலாம். முந்துபவர் பிழைப்பார். 1975-இல் ஆஸ்திரேலிய மேலவை நிதி ஒதுக்கீட்டை நிறுத்திவைத்தபோது, தன்னை நியமிக்கச் சொன்ன பிரதமர் விட்லமை நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர் நீக்கினார். முன்னெச்சரிக்கை எதுவும் இல்லை. எச்சரித்தால் தன் பதவி முதலில் போகும் என்பது அவர் கணக்கு. எதிர்க்கட்சித் தலைவர் ஃப்ரேசர் பிரதமரானார். அவர்மேல் நம்பிக்கையில்லை என்று கீழவை அன்றே தீர்மானம் போட்டது. அதோடு வந்த சபாநாயகர் கெர்ரைப் பார்க்க உள்ளே போவதற்குள் இரு அவைகளும் கலைக்கப்பட்டன! அரசிக்கும் கெர் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்பது, அவர் அரண்மனைக்கு எழுதி 2020-இல் வெளியான கடிதங்களில் உறுதியானது.

கனடாவில் இதற்கு நேர் எதிர். 2008 டிசம்பரில், நம்பிக்கை வாக்கெடுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது நாடாளுமன்றத்தை முடக்கக் கேட்டார் பிரதமர் ஹார்ப்பர். கவர்னர் ஜெனரல் ஒப்புக்கொண்டார், அரசு தப்பியது.

அப்படியானால் நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தால்? பப்புவா நியூ கினியில் அப்படித்தான். 2011-இல் அங்கே ஒரே சமயத்தில் இரண்டு பிரதமர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, அவர்களில் ஒருவரான சோமாரே தரப்புக்கு கவர்னர் ஜெனரல் பதவிப்பிரமாணம் செய்தார். நாடாளுமன்றம் அவரையே இடைநீக்கம் செய்தது. சில நாளில் கவர்னர் ஜெனரல் நாடாளுமன்றத்தின் பக்கம் மாறினார். தேர்ந்தெடுத்த சபைக்கு எதிராக எத்தனை நாள் நிற்க முடியும்?

அயர்லாந்து அரசப் பிரதிநிதியை 1930-களிலேயே கைகழுவிவிட்டு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதியை வைத்துக்கொண்டது. பதவிக்காலம் ஏழாண்டு. பிரதமர் நினைத்தால் நீக்க முடியாது. மசோதா கைக்கு வந்தால் பொதுவாக ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். நீதிமன்றம் 60 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். நிதி மசோதாவை அனுப்ப முடியாது. எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

நம்மூர் ஆளுநர் அரசரின் ஆளல்ல. ஆனாலும் நாற்காலி பிரிட்டிஷ்காரன் விட்டுப்போனது. அரசியல் சட்டத்தின் 155, 156-ஆவது பிரிவுகளின்படி நியமிப்பதும் நீக்குவதும் குடியரசுத் தலைவர், அதாவது டெல்லி. யாருடைய மசோதாவுக்குக் கையெழுத்துப் போடுகிறாரோ அந்த அரசால் அவரை அசைக்க முடியாது. கெர் மாதிரி பயந்து முந்த வேண்டிய தேவையே இல்லை. சும்மா இருந்தாலே போதும். (விஜயநகரப் பிரதிநிதிகளாக வந்த மதுரை நாயக்கர்கள் திருமலை நாயக்கர் காலத்தில் பேரரசையே எதிர்த்தார்கள். இப்போது எஜமானர் அவ்வளவு தூரத்தில் இல்லை.)

200-ஆவது பிரிவில் மசோதாவைத் திருப்பி அனுப்ப 'கூடிய விரைவில்' என்றுதான் இருக்கிறது, நாள் கணக்கு இல்லை. ஆளுநர் கிடப்பில் போட்ட தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. நீண்ட காலம் காரணமின்றிக் கிடப்பில் போட்டால் மட்டும் ஓரளவு தலையிடலாம். ஆகவே அயர்லாந்தின் ஏழு நாளை இங்கே கொண்டுவர அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். அதற்கு இரு அவைகளிலும், வந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. ஆளுநரை அனுப்புகிற கட்சிதான் அந்த அவைகளிலும் பெரும்பாலும் பெரிய கட்சியாக இருக்கிறது.