தட்டுவடை செட்டும் மாமாவின் அரசியலும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சாயங்காலம் போடும் தள்ளுவண்டிக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. வடை நமுத்துப் போகாமல் மொறுமொறுவென்று இருக்கிறது. சிவப்புச் சட்னியில் பூண்டு கொஞ்சம் தூக்கல். எனக்கு அது பிடிக்கும்.

மாமா எப்போதும் சாதா செட்தான். மாங்காய் செட்டை நீட்டினால், "இருக்கறதைக் கெடுக்காத மாப்ள" என்பார். புதியதை நாடுகிறவர்கள் அரசியலில் மாற்றத்தை வரவேற்கும் தாராளவாதத்தின் பக்கமும், ஒழுங்கை விரும்புகிறவர்கள் பழமைவாதத்தின் பக்கமும் சாய்வதாக உளவியலாளர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வுகள், தொடர்பும் லேசானதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் கணக்குப்படி, தாராளவாதிகளுக்கு அக்கறையும் நியாயமும் பெரிது. பழமைவாதிகள் விசுவாசம், அதிகாரத்துக்கு மரியாதை, தூய்மை ஆகியவற்றுக்கும் இடம் தருகிறார்கள். தூய்மையா? மாமா கழுவிய தட்டையே இன்னொரு தடவை துடைப்பார்! ஆனால் 1944-இல் இதே சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமான கதையைப் பெருமையாகச் சொல்பவரும் அவர்தான். அவரை எந்தப் பெட்டியில் போடுவது?

சரி, கடைக்கு வருவோம். உட்கார இடமில்லை. ஏழரைக்கு மேல் போனால் மாங்காய் தீர்ந்திருக்கும். மாமாவுக்குக் கவலையில்லை.