ஹீட் பம்ப்: ஒரு குளிர்காலம் ஓட்டிப் பார்த்ததில்

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிவந்த கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு, அதே வேலைக்கு ஹீட் பம்ப் பொருத்திய முதல் வாரம், நன்றாக ஏமாந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அறையில் வெந்நீர் ஓடிச் சூடு தரும் தகடான ரேடியேட்டரைத் தொட்டால் கை சுட வேண்டும். எனக்கு அதுதான் பழக்கம். இதுவோ கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் போல வெதுவெதுப்போடு நின்றுவிட்டது.

பாய்லர் முரட்டு ஆசாமி. எரிவாயுவை எரித்து 70 டிகிரி வரைகூடத் தண்ணீரைக் காய்ச்சி அனுப்பும். அறை சட்டென்று சூடேறும், அணைத்தால் ஆறிவிடும். ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி புரிந்துவிடும். உள்ளிருக்கும் சூட்டை ஃபிரிட்ஜ் வெளியே தள்ளுகிறது; இது வெளிக்காற்றின் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. பூஜ்ஜியம் டிகிரிக் காற்றில் சூடு ஏது என்று நானும் கேட்டேன். அதைவிடக் குளிர்ந்த திரவம் குழாயில் ஓடினால், அந்தக் காற்றிடமிருந்தே வெப்பத்தை வாங்கி ஆவியாகிவிடும். கம்பிரசர் அந்த ஆவியை அழுத்தும்போது சூடு எகிறும். அது ரேடியேட்டர் தண்ணீருக்குப் போகும். சாதாரண மின் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் தரும். இது மிதமான குளிரில் 3 யூனிட்டுக்கு மேலும் தருகிறது.

ஆனால் தண்ணீரை எவ்வளவு சூடாகக் கேட்கிறோமோ, அவ்வளவுக்கு இந்த லாபம் கரையும். பொருத்த வந்தவர் 55 டிகிரியில் வைத்துவிட்டுப் போய்விட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் பாய்லர் காலத்து வழக்கப்படி இரவில் அணைத்து, காலையில் போட்டுக்கொண்டிருந்தேன். மீட்டர் பறந்தது. பிறகு கையேட்டைப் படித்து 42 டிகிரிக்கு இறக்கி, இரவும் பகலும் ஓடவிட்டேன். மின்சாரச் செலவு குறைந்தது. அறையும் விடியும்போதே இதமாக இருந்தது.

உறைபனி விழுந்த ஒரு காலை, வெளி யூனிட்டிலிருந்து வெண்புகை கிளம்பியது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். புகையில்லை, நீராவி. வெளி யூனிட்டின் குழாய்ச் சுருள்மேல் படியும் பனியை உருக்க, இயந்திரம் சில நிமிடங்கள் சூட்டை வெளிப்பக்கம் அனுப்பித் தலைகீழாக ஓடுமாம். இதையாவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்!

குறைகளும் உண்டு. தண்ணீர் வெதுவெதுப்பாகவே வருவதால் ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும். படுக்கையறையின் பழைய ஒற்றைத் தகடு ரேடியேட்டர் போதாமல் இரட்டைத் தகடு உள்ளதாக மாற்றினேன். தரைக்கடியில் குழாய் பதித்த வீடுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தரை முழுவதுமே ரேடியேட்டர் என்பதால் 35 டிகிரித் தண்ணீரே போதும். பொறாமையாகத்தான் இருக்கிறது. ஜன்னல் இடுக்கில் காற்று பீறிடும் வீடு என்றால், முதலில் இடுக்கை அடைத்துவிடுங்கள். பம்பைப் பிறகு பார்க்கலாம்.

இதற்கு முன் குடியிருந்த வீட்டில் சூடான காற்றை ஊதும் குழாய்கள் இருந்தன. அறை நொடியில் சூடாகும். தொண்டையும் நொடியில் வறண்டுவிடும். அதற்கு இது எவ்வளவோ மேல்.

எனக்கு மிச்சமிருக்கும் ஒரே தொல்லை, நள்ளிரவில் படுக்கையறைச் சுவர் வழியே வரும் ரீங்காரம். அடுத்த குளிருக்குள் வெளி யூனிட்டைச் சுவரிலிருந்து இறக்கி, தரையில் ரப்பர் கட்டைமேல் வைத்துப் பார்க்கப்போகிறேன்.