தமியா 1/20 ஹொண்டா ஆர்ஏ272: யாழ்ப்பாண வெக்கையில் ஒரு வெள்ளைக் கார்

இந்த மாதிரிக் காரின் பெட்டியைத் திறந்தவுடன் எல்லாரும் பயப்படுவது இஞ்சினைப் பார்த்துத்தான். கடைசியில் ஆளைக் கவிழ்த்துவிடுவது வெள்ளை நிறம். இஞ்சினுக்குப் பொறுமை இருந்தால் போதும். வெள்ளைக்கு வானமும் காற்றும் தண்ணியும் ஒத்து வரவேண்டும், இந்த மூன்றும் யாழ்ப்பாணத்தில் லேசில் ஒத்து வருவதில்லை.

பொருள் இதுதான்: ஜப்பானிய மாதிரிக் கார் நிறுவனமான தமியாவின் 20043 இலக்கப் பிளாஸ்ரிக் கிற், அதாவது துண்டுகளை ஒட்டிப் பெயின்ர் அடித்து நாமே சேர்க்கும் கார். 1965 மெக்சிக்கோ கிறான் பிறீ என்ற போர்முலா வண் கார்ப் பந்தயத்தை வென்ற ஹொண்டா ஆர்ஏ272, இருபதில் ஒரு பங்கு அளவில். முடிந்த கார் ஏறக்குறைய 20 செ.மீ. நீளம் வரும். பசையும் பெயின்ரும் பெட்டிக்குள் இல்லை, தனியாக வாங்கவேண்டும்.

அந்தப் பந்தயம் ஒக்டோபர் 24ஆம் திகதி நடந்தது, ஆண்டின் கடைசிப் போட்டி. ஜிம் கிளார்க் உலகப் பட்டத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டதால் பட்டத்துக்கான இழுபறி இல்லை. ஆனால் இஞ்சின் அளவு 1.5 லீற்றருக்குள் என்று 1961இல் தொடங்கிய விதிக்கும் அதுதான் கடைசி ஓட்டம், அடுத்த வருசத்திலிருந்து 3 லீற்றர். மூன்றாவது இடத்திலிருந்து புறப்பட்ட ஹொண்டா ஓட்டுநர் றிச்சி கிந்தர் முதல் சுற்றிலேயே முன்னுக்கு வந்து, 5 கி.மீ. சுற்றை 65 தரம் ஓடி முடிக்கும்வரை ஒருவருக்கும் வழி விடவில்லை. கொடி விழும்போது டான் கேர்னி 2.89 செக்கன் பின்னால். ஹொண்டாவுக்கும் குட்இயர் ரயருக்கும் அது முதல் வெற்றி, கிந்தருக்கு வாழ்நாளில் ஒரே வெற்றி. அவருடைய கார் 11ஆம் இலக்கம். 12ஆம் இலக்க ஹொண்டாவில் ஓடிய றொனி பக்னம் ஐந்தாவதாக வந்தார்.

மெக்சிக்கோ நகரம் ஏறக்குறைய 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியாவைவிட மேலே. நுவரெலியாவுக்குப் போகும் றம்பொடை ஏற்றத்தில் வான் இழுக்காமல் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காற்று ஐதானால் இஞ்சின் மூச்சு வாங்கும், பெற்றோல் அளவும் அதற்கேற்பக் குறையாவிட்டால் இன்னும் மோசம். ஹொண்டாக்காரர் தங்கள் எரிபொருள் உட்செலுத்தலை அந்த உயரத்துக்கு ஏற்றபடி திருத்தி வைத்திருந்தார்கள். குழுவை நடத்திய யொஷியோ நகமுரா முன்பு விமான இஞ்சின் வேலை பார்த்தவர்.

இஞ்சின் 1,495 சிசி, 12 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் 4 வால்வு. ஒரு சிலிண்டர் 125 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது ஊரில் ஓடிய சீடி 125 மோட்டச்சைக்கிளின் முழு இஞ்சினளவு. அப்படிப் பன்னிரண்டை வி வடிவில் சேர்த்து, காரின் குறுக்கே வைத்தால் இந்தக் கார். வலு சுமார் 230 குதிரை. யாழ்ப்பாணத்துத் தெருவில் இன்னும் காணக்கூடிய ஒஸ்ரின் ஏ40 சொமர்செற், 1,200 சிசியில் எடுப்பது 42. மற்றக் குழுக்கள் நீளவாக்கில் வைத்ததை ஹொண்டா குறுக்கே வைத்ததால் பின்பக்கம் அகலம். கிற்றை மேலிருந்து பார்த்தால் இது பளிச்சென்று தெரியும், படங்களில் இவ்வளவு விளங்காது. இந்தக் கிற்றுக்குக் காசு கொடுப்பதே இதற்காகத்தான் என்று சொல்லலாம்.

இனி வேலை. காலத்தைப் பார்த்து வேலையைப் பிரியுங்கள். மாசி தொடக்கம் சித்திரை வரை காற்றும் அடக்கம், மழையும் குறைவு: வெள்ளை அடிக்க அதுதான் காலம். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் புழுதி கதவிடுக்கால் வரும், ஈரப் பெயின்ரில் விழும் ஒவ்வொரு மண்ணும் வெள்ளையில் கரும்புள்ளி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடை மழை. அந்த ஈரத்தில் லக்கர் (தின்னர் கெதியாகப் பறக்கும் பெயின்ர்) அடித்தால் மினுக்கம் போய், பனி படர்ந்த கண்ணாடிபோல வெளிறும். பூச்சு ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதுதான் காரணம். மழைக்காலத்தை இஞ்சினுக்கும் சஸ்பென்சனுக்கும் ஒதுக்குங்கள். அவற்றைத் தூரிகையால் பூசலாம், கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். நேரமென்றால் காலை 10 மணிக்குப் பிறகு நண்பகல் வரை நல்லது. விடியற்காலையில் காற்று அசையாது என்று ஆசைப்பட வேண்டாம், ஈரப்பதன் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

ஸ்பிறே ரின்னில் ஒரு சிக்கல். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருபவரிடம் கிற்றைச் சொல்லி எடுக்கலாம். ரின்னைச் சொல்லி எடுக்க முடியாது, எரியக்கூடிய பெயின்ர் ஸ்பிறே விமானப் பயணப் பொதியில் போடத் தடை. தமியாவின் ரிஎஸ்-7 (TS-7), ‘ரேசிங் வைட்’, இந்தக் காருக்குச் சரியான மங்கல் வெள்ளை. அது கொழும்பில் கிடைத்தால் தரைவழியாக எடுப்பியுங்கள். கிடைக்காவிட்டால் காற்றழுத்தத்தால் பெயின்ர் தூவும் எயார்பிறஷ்சும், போத்தலில் வரும் அக்றிலிக்கும். தூய வெள்ளையை அப்படியே அடித்தால் கார் பிறிஜ் மாதிரி இருக்கும். 10 பங்கு வெள்ளைக்கு அரைப் பங்குக்கும் குறைவாக மங்கல் மஞ்சள் சேர்த்து, மிஞ்சிய ஒரு பிளாஸ்ரிக் வெட்டுத் துண்டில் பூசிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். யானைத் தந்த நிறம்தான் இலக்கு, பால் நிறமல்ல.

கார் பெயின்ர் கலக்கும் கடையில் நிறம் எடுத்து அடிப்பவர்களும் உண்டு. நிறம் வரும். ஆனால் அதற்குரிய தின்னர் கிற்றின் பிளாஸ்ரிக்கான பொலிஸ்ரைரீனைத் தின்னும்: மேற்பரப்பு வெடித்து, வாடின மாம்பழத் தோல்போலாகும். அந்த வழிதான் என்றால் பிளாஸ்ரிக்குக்கான பிறைமரை மெல்லியதாக இரண்டு தரம், இடையில் 15 நிமிடம் விட்டு அடித்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகு தூரத்திலிருந்து தூவல்போலத் தொடங்குங்கள். முதற்பூச்சே ஈரமாக விழுந்தால் பிறைமரும் காப்பாற்றாது.

பிறைமர் வெள்ளையாக இருக்கட்டும். சாம்பலுக்கு மேல் வெள்ளை மூட ஐந்தாறு பூச்சு வேண்டும், அதற்குள் மெல்லிய கோடுகள் நிரம்பிவிடும். வெள்ளைக்கு மேல் மூன்று போதும். குளிர் நாட்டுக்காரர் சொல்வதுபோல ரின்னைச் சுடுதண்ணியில் வைக்கவே கூடாது. இங்கே 32 பாகையில் ரின் ஏற்கெனவே போதிய அழுத்தத்தோடு இருக்கிறது, மேலும் சூடாக்குவது ஆபத்து. 25 செ.மீ. தூரம் என்ற பொதுக்கணக்கும் இந்த வெக்கையில் பொருந்தாது, துளி பாதி வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். 15 முதல் 18 செ.மீ. வரை கிட்டப் பிடித்து, கையைக் கெதியாக நகர்த்துங்கள். எயார்பிறஷ் என்றால் அக்றிலிக்குக்குப் பாமசியில் வாங்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தின்னராகும். ஆனால் அது ஊசிமுனையிலேயே காயும், சில துளி றிற்றாடர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) சேர்க்காமல் வேலை ஓடாது.

அடிக்க முன் காரின் மூக்கு மூடி, இஞ்சின் மூடி போன்றவற்றைப் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். பிறைமர், வெள்ளை, மேலே அடிக்கும் நிறமற்ற கிளியர் எல்லாம் சேர்ந்தால் விளிம்பில் தடிப்பு ஏறும். வெறும் பிளாஸ்ரிக்காக இறுக்கமாக உட்காரும் மூடி, பெயின்ருக்குப் பிறகு உட்காராது. தள்ளி இறுக்கினால் விளிம்பில் பெயின்ர் பிளக்கும். உள்விளிம்பை 600 இலக்க மண்தாளால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, கடதாசி ஒன்று நுழையும் இடைவெளி விடுங்கள். காய வைக்க மேசைமேல் கவிழ்த்த பிளாஸ்ரிக் பெட்டி போதும். மதிய வெயிலில் நிற்கும் உண்மைக் காருக்குள் வைத்தால் கெதியாகக் காயும் என்று ஒரு யோசனை சிலருக்கு வரும். காயும், கூடவே மூடி வளைந்தும் போகும்.

அடுத்தது தண்ணி. இங்குள்ள கிணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்தில் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு எல்லா வீட்டுக்கும் தெரியும். அதே தண்ணியில் டெக்கலை (தண்ணியில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படத்தை) ஊறவைத்தால், காய்ந்த பிறகு ஓரமெல்லாம் அதே பொருக்குக் கோடாக நிற்கும். வெள்ளை உடம்பில் அது மறையும், மூக்கு மூடியின் மேலுள்ள சிவப்பு வட்டத்தில் மறையாது. பற்றரிக்கு விடும் வடிதண்ணி ஒரு போத்தல் வாங்கினால் முழுக் கிற்றுக்கும் காணும். கடையில் ‘பற்றரிக்கு’ என்று மட்டும் கேட்காதீர்கள், அசிட் போத்தலைத் தந்துவிடுவார்கள்.

அந்தச் சிவப்பு வட்டம்தான் காரின் முகம், ஜப்பான் நாட்டு நிறம். முதல் சோதனைக் காரான ஆர்ஏ270ஐ ஹொண்டா பொன்னிறத்தில் விட்டது, பந்தயத்துக்கு வந்தபோது யானைத் தந்த வெள்ளையும் சிவப்புச் சூரியனும். மூடி இரண்டு பக்கமும் வளைவதால் வட்டத்தின் ஓரம் சுருங்கும். நடுவை முதலில் படியவைத்து, பஞ்சுக்குச்சியால் தண்ணியை வெளிப்பக்கம் தள்ளி, மென்மையாக்கும் திரவம் ஒரு தொடுகை, பிறகு ஐந்து நிமிடம் கை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் டெக்கல் நெளிந்து பழுதானதுபோலத் தெரியும். தானாகப் படியும், பதறித் தொட்டால்தான் கிழியும். வருசக்கணக்காகக் கிடந்த பெட்டியில் டெக்கல் தாள் மஞ்சளித்திருந்தால், உறையில் போட்டு யன்னல் கண்ணாடியில் வெயில் பார்க்க ஒட்டிவிடுங்கள். யாழ்ப்பாண வெயிலுக்கு ஒருசில நாள் போதும், வெளுத்துவிடும்.

இஞ்சினுக்கு வருவோம். மேலே நிற்கும் 12 காற்றுக் குழல்கள் ஆறாக ஆறாக இரண்டு வரிசை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒட்டாமல், இரு முனைக் குழல்களை முதலில் நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு அடிமட்டத்தை வைத்து நடுவிலுள்ளவற்றை அதற்கு நேராக்குங்கள். ஒன்று சரிந்தாலும் பன்னிரண்டும் சரிந்ததுபோலத் தெரியும். குழலின் உள்வாயில் பற்குச்சி நுனியால் ஒரு சொட்டுக் கறுப்பு.

பிளக் வயர் சேர்க்க விரும்பினால் அளவு சுலபம். உண்மை வயர் 7 மி.மீ. என்று எடுத்தால், இருபதில் ஒரு பங்கு 0.35 மி.மீ. மோட்டார் சுற்றும் கடையில் 29 அல்லது 30 கேஜ் செப்புக் கம்பி துண்டாகக் கேட்டால் தருவார்கள், இரண்டு மீற்றர் தாராளம். கறுப்பு அடிக்கமுன் வார்னிஷை 1000 தாளால் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் வளைக்கும்போது பெயின்ர் உரியும். தமியாவின் பச்சை மூடி போட்ட மெல்லிய பசை இந்த வெக்கையில் தூரிகையில் இருந்து இணைப்புக்கு வரமுன்னமே பாதி பறந்துவிடும். இரண்டு துண்டையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிறகு இடுக்கில் தொடுங்கள்.

சஸ்பென்சன் கைகள் மெல்லியவை. துண்டுகள் இணைந்து வரும் பிளாஸ்ரிக் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிடுங்காமல், 1 மி.மீ. விட்டு வெட்டி, பாமசியில் கிடைக்கும் 11ஆம் இலக்கச் சத்திரசிகிச்சை பிளேட்டால் சீவுங்கள் (அதற்கு 3ஆம் இலக்கப் பிடி). எனாமல் கழுவலை (இடுக்குகளில் நிழல் காட்ட ஓடவிடும் நீர்த்த பெயின்ரை) அவற்றில் ஓடவிட வேண்டாம். இழுவையில் நிற்கும் பிளாஸ்ரிக்குக்குள் எனாமல் தின்னர் இறங்கினால் மறுநாள் காலையில் கை இரண்டாகக் கிடக்கும். பசை இறுகமுன் காரைப் படச்சட்டக் கடையில் வாங்கிய கண்ணாடித் துண்டில் வைத்து, நாலு சில்லும் தொடுகிறதா பாருங்கள். ஒன்று தூக்கினால் அந்த நேரத்தில் திருத்தலாம், நாளைக்கு முடியாது.

முன் கண்ணாடிக்கு சுப்பர் குளூ தொடவே கூடாது, அதன் ஆவி தெளிவான பிளாஸ்ரிக்கை வெண்படலமாக்கும், ஈரக் காற்றில் இன்னும் கூட. தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். ரயரின் நடுவில் அச்சுக்கோடு தெரிந்தால் 400 தாளால் ஓடும் திசையில் உரசுங்கள், மினுக்கமும் போகும்.

சேர்க்கக்கூடாதவை பற்றியும் சொல்லவேண்டும். காலியான இருக்கையைப் பார்த்து ஆசனப் பட்டி செய்து போடுபவர்கள் உண்டு. அந்தக் காலத்து போர்முலா வண் ஓட்டுநர்கள் அதைக் கட்டி ஓடவில்லை, கட்டாயமானது 1972இல். இறக்கைகள் வந்தது 1968இல். இந்தக் காருக்கு எதையும் கூட்டாமல் விடுவதுதான் சரி.

முதல் கிற்றாக இதை வாங்க வேண்டாம். வெள்ளையல்லாத ஒரு காரை முதலில் முடித்தவருக்கு இது தாராளமாகத் தகும். மாலையில் இரண்டு மணித்தியாலப்படி ஒரு மாதம் பிடிக்கும், பெயின்ர் காயும் நாட்கள் வேறு. விலையோடு பெயின்ர், பிறைமர், டெக்கல் திரவம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், பெட்டியின் விலை மட்டும் கணக்கல்ல.

வைக்கும்போது இஞ்சின் மூடியைக் கழற்றியே வையுங்கள். குறுக்கே நிற்கும் பன்னிரண்டையும் மூடிவைத்தால் வேறு எந்த வெள்ளைக் காருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. கண்ணாடிப் பெட்டி ஒன்று அவசியம், சோளகத்தில் குழல்களுக்குள் இறங்கும் புழுதியை எடுக்க மேக்கப் தூரிகைதான் வழி, அதற்கும் ஒரு குழல் உடைய இடமுண்டு.