25 லிட்டருக்கு மேலே, 25 லிட்டருக்குக் கீழே: சின்ன யூனிட்டுக்கு எந்த பாய்லர்?

“ஏனுங்கண்ணா, இன்ஸ்பெக்சன் தொந்தரவே இல்லாத பாய்லர் எதுங்க?”

திருப்பூரில் பதினான்கு அயர்னிங் டேபிள் போட்டு பனியன் யூனிட் நடத்தும் ஒரு தம்பி என்னிடம் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். கையில் மூன்று கொட்டேஷன்: விறகில் ஓடும் ஐபிஆர் பாய்லர், கேஸில் ஓடும் நான்-ஐபிஆர் காயில் பாய்லர் (சுருள் குழாய்க்குள் ஓடும் தண்ணீரைக் காய்ச்சுவது), அப்புறம் ஒரு தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர் (தண்ணீருக்குப் பதில் எண்ணெயைக் காய்ச்சுவது). மூன்றுக்கும் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளில் இல்லாத விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் பாய்லர் ஹவுஸில் நின்றவன் என்ற முறையில், இந்த முடிவை விலையை மட்டும் பார்த்து எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் இந்த ஐபிஆர், நான்-ஐபிஆர் பிரிவு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பெரிய சேதம் ஆனது. மறுவருடமே அந்த நகரத்துக்காக வங்காளத்தில் பாய்லர் பரிசோதனைச் சட்டம் போட்டார்கள். நாடு முழுவதற்குமான சட்டம் 1923-இல் வந்தது. பாய்லரை எப்படிக் கட்ட வேண்டும், என்னென்ன பொருத்த வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் 1950-ஆம் வருட விதிமுறைத் தொகுப்பைத்தான் நாம் ஐபிஆர் (இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸ்) என்கிறோம். 1923 சட்டம் நூறு வருடம் தாண்டி ஓடி, 2025-இல் புதிய சட்டத்துக்கு வழிவிட்டது. ஆனால் எது பாய்லர், எது பாய்லர் இல்லை என்ற எல்லைக்கோடு மாறவில்லை. கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவு என்றால் சட்டத்தின் கண்ணில் அது பாய்லர் இல்லை. டிசைன் அழுத்தமும் வேலை அழுத்தமும் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் கீழே இருந்தாலும் இல்லை. தண்ணீர் 100 டிகிரியைத் தொடாவிட்டாலும் இல்லை. சட்டத்துக்குள் வருவது ஐபிஆர், வராதது நான்-ஐபிஆர்.

அந்த 25 லிட்டரை எங்கிருந்து எதுவரை அளப்பது என்று கேட்டால் விற்பவர்களில் பாதிப்பேருக்கு பதில் வராது. தண்ணீர் உள்ளே போகும் ஃபீட் செக் வால்வில் தொடங்கி, ஸ்டீம் வெளியே போகும் மெயின் ஸ்டீம் ஸ்டாப் வால்வு வரைக்கும் அளக்க வேண்டும். காயிலில் 22 லிட்டர்தான் பிடிக்கும் என்று வாங்கி வந்துவிட்டு, ஸ்டீம் ஈரமாக வருகிறது என்று ஸ்டாப் வால்வுக்கு முன்னால் ஒரு டிரம்மை வெல்டிங் வைத்துச் சேர்த்தால், அன்றைக்கே அது சட்டப்படி பாய்லர் ஆகிவிடுகிறது. பதிவு இல்லாத, சான்றிதழ் இல்லாத பாய்லர். இப்படி ஒன்றை நானே ஒரு யூனிட்டில் பார்த்தேன். ‘இதுங்க, சும்மா ஒரு குடம் மாதிரி’ என்றார் அங்கே இருந்த ஃபிட்டர். அந்தக் குடத்தில் 8 கிலோ பிரஷர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ, நின்றுகொண்டிருந்தது.

சரி, அந்தக் கோட்டில் அர்த்தம் இருக்கிறதா? இருக்கிறது, கணக்குப் போட்டாலே தெரியும். 10 கிலோ பிரஷரில் பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 184 டிகிரி சூட்டில் நிற்கிறது. ஓடு பிளந்து அழுத்தம் சட்டென்று விழுந்தால், தண்ணீர் அந்தச் சூட்டில் தண்ணீராக இருக்க முடியாது. எடையில் சுமார் 16 சதவீதம் அந்த நொடியிலேயே ஸ்டீமாகப் பாயும். ஒரு கிலோ தண்ணீர் ஸ்டீமானால் வெளிக்காற்று அழுத்தத்தில் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். 25 கிலோ தண்ணீர் என்றால் 4 கிலோ ஸ்டீம். ஒரு குளியலறையை நிரப்பும். 2,000 கிலோ தண்ணீர் நிற்கும் பாய்லர் என்றால் 320 கிலோ ஸ்டீம், ஐந்நூறு கன மீட்டருக்கு மேல். ஒரு சிறிய கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவு ஸ்டீம், ஒரே நொடியில். கட்டடத்தையே தூக்கிப் போடுவது இதுதான். சட்டம் பெரிய பாய்லரைத் துரத்தித் துரத்திப் பார்ப்பதற்கும், சின்னதை விட்டுவிடுவதற்கும் காரணம் இந்தக் கணக்கு.

ஆனால் ஒன்று. அந்தக் குளியலறைக்குள் ஓர் ஆள் நிற்கிறான் என்று வைத்துப் பாருங்கள். சட்டத்துக்குச் சின்னதான அந்த ஸ்டீம் அவனைச் சுடுவதில் சின்னதே இல்லை. நான்-ஐபிஆர் என்றால் ஆபத்து இல்லாதது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு ஊறிப் போயிருக்கிறது. வெடிக்கும்போது சேதம் குறைவு, அவ்வளவுதான். இரண்டிலும் பிரஷர் அதே 10 கிலோ, சூடு அதே 184 டிகிரி.

ஐபிஆர் பாய்லர் உங்களுக்கு என்ன தருகிறது

பலர் இதை வருடாவருடம் வரும் செலவாக மட்டும் பார்க்கிறார்கள். ஷட்டவுன் எடுத்து, மேன்ஹோல் திறந்து, டியூப் சுத்தம் செய்து, இன்ஸ்பெக்டர் முன்னால் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) காட்டி, சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். பாய்லரை ஓட்டத் தகுதிச் சான்று பெற்ற அட்டெண்டண்ட் வேண்டும். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1923 சட்டமே சொல்லி வைத்திருந்தது. இதெல்லாம் வேலைதான், மறுக்கவில்லை.

பதிலுக்கு அந்தப் பாய்லரில் எதுவும் ஒற்றையாக இருக்காது. சேஃப்டி வால்வு இரண்டு. தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் இரண்டு. தண்ணீர் ஏற்ற இரண்டு வழி. இவை எல்லாம் கைவிட்டால் கடைசியாக ஃபியூசிபிள் பிளக். வீட்டுக் குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு உருகி வழி விடுகிறதே, அதே வேலைதான். தண்ணீர் இறங்கி, தீ படும் தகடு வறண்டால், பிளக்கின் நடுவில் இருக்கும் ஈயம் உருகி, ஸ்டீம் நேராகத் தீயின் மேலேயே கொட்டும்.

கேஜ் கிளாஸைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவதும் நிற்பதும் அந்த ஒரு சாண் கண்ணாடியில்தான். முழுக்கத் தண்ணீர் நிறைந்த கண்ணாடியும், ஒரு சொட்டுக்கூட இல்லாத கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் கோடு தெரிந்தால்தான் மட்டம் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி ஷிஃப்டில், இரண்டரை மணி இருக்கும், கிளாஸ் ஃபுல் என்று நினைத்து ஃபீட் பம்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பழைய ஃபயர்மேன் ஒருவர் டீ குடித்துவிட்டு வந்தவர், கண்ணாடியைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் டிரெயின் காக்கைத் திறந்தார். முதலில் தண்ணீர் காக்கை மட்டும் திறந்து ஊத விட்டார், அதை மூடி ஸ்டீம் காக்கை ஊத விட்டார், பிறகு டிரெயினை மூடி இரண்டையும் திறந்தார். தண்ணீர் உடனே துள்ளி மேலே ஏறி, முக்கால் மட்டத்தில் வந்து நின்றது. நல்ல வேளை, உள்ளே தண்ணீர் இருந்தது. “ஏறாம நின்னிருந்தா என்னப்பா பண்ணுவே?” என்றார். பம்பைப் போடுவேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். பழுக்கக் காய்ந்த தகட்டின் மேல் தண்ணீர் விட்டால் அதுவே வெடிக்க வைத்துவிடும். ஃபேனை நிறுத்தி, விறகை வெளியே இழுத்து, தானாக ஆறவிட வேண்டும். தகுதிச் சான்று உள்ள அட்டெண்டண்ட் என்றால் இதைப் படித்துப் பரீட்சை எழுதி வந்தவர். அதற்குத்தான் அந்தச் சம்பளம்.

காயில் பாய்லர்

தம்பியின் மனசு சாய்ந்திருந்தது இதில்தான். இதன் நல்லதை முதலில் சொல்கிறேன். பட்டனைத் தட்டி ஐந்து, பத்து நிமிடத்தில் ஸ்டீம் வரும். இடம் குறைவு. கேஸ் அல்லது டீசல் பர்னர் என்பதால் ஏதாவது கோளாறு என்றால் தீ அந்த நொடியே அணையும். விறகு பாய்லரில் ஃபேனை நிறுத்தினாலும் உள்ளே கிடக்கும் கங்கு அரை மணி நேரம் காய்ச்சிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் காயில் பாய்லர் விறகு ஐபிஆரைவிடப் பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்வேன்.

அதன் எதிரி தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியும். ஷெல் பாய்லரில், அதாவது பெரிய உருளையில் தண்ணீர் நின்று, டியூபுக்குள் தீயின் சூடு ஓடும் வகையில், டியூபின் வெளிப்பக்கம் உப்பு படியும். மேன்ஹோல் வழியாக டார்ச் அடித்துப் பார்க்கலாம். காயிலில் தண்ணீர் குழாயின் உள்ளேயே ஓடுவதால் படிவும் உள்ளே, கண்ணில் படாது. வழி குறுகக் குறுக பம்ப் பிரஷர் ஏறும், குழாய்ச் சுவர் சூடேறும், ஒரு நாள் ஓரிடத்தில் உப்பி வாயைப் பிளக்கும். தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னரை உப்புப் போட்டு ரீஜெனரேட் செய்யாமல் விட்டால் இது நடந்தே தீரும். சட்டப்படி யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்பதால், பார்க்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

இன்னொன்று, சேஃப்டி வால்வு. லேசாகக் கசிகிறது என்று ஸ்பிரிங்கை இறுக்கி வைத்த யூனிட் எனக்குத் தெரியும். கசிவு நின்றது, கூடவே வால்வும் செத்துப் போனது. பதிவு செய்த பாய்லரில் இப்படிச் செய்தால் ஜெயில் தண்டனைக்குரிய குற்றம். காயிலில் செய்தால் கேட்க ஆளில்லை. ஆனாலும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவு இந்த ஓட்டையை அடைக்கத்தான் பார்த்தது: வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில் ஓடும் எந்த இயந்திரமானாலும், பாதுகாப்பான அழுத்தத்தைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அதில் லிட்டர் கணக்கே கிடையாது. பாய்லர் சட்டத்திலிருந்து தப்பியது எல்லாச் சட்டத்திலிருந்தும் தப்பியது ஆகாது.

தெர்மிக் ஃப்ளூயிட்

இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, ஏனென்றால் அயர்னிங்குக்கு ஸ்டீம்தான் வேண்டும், எண்ணெய் உதவாது. ஸ்டென்டர் (துணியை விரித்துச் சூட்டில் காய வைக்கும் மெஷின்) ஓட்டுகிறவர்களுக்கு இது அருமையான சாதனம். 250, 280 டிகிரி சூட்டை, எண்ணெய் கொதிக்காமல், பம்ப் தள்ளும் அழுத்தத்தில் மட்டும் கொண்டு போகலாம். ஸ்டீமில் அந்தச் சூடு வேண்டும் என்றால் 40 கிலோவைத் தாண்டிய பிரஷர் வேண்டியிருக்கும். அதனால் வெடிப்பு பயம் குறைவு, தீ பயம் அதிகம். கசியும் எண்ணெய், குழாயைச் சுற்றிச் சூடு போகாமல் போர்த்திய ராக்வுல்லில் ஊறிக் கிடந்து புகையும். சூட்டில் விரியும் எண்ணெய்க்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கில் மழைத் தண்ணீர் இறங்கினால் சூடான எண்ணெயோடு சேர்ந்து கொந்தளித்து வெளியே வாரிக் கொட்டும். கரண்ட் போனதும் சர்க்குலேஷன் பம்ப் நிற்கும், விறகுத் தீ நிற்காது. காயிலில் தேங்கிய எண்ணெய் கருகும். ஜெனரேட்டர் எத்தனை நொடியில் எடுக்கிறது என்று கேட்காமல் இதை வாங்காதீர்கள்.

நான் என்ன சொன்னேன்

ஹோட்டல், மெஸ், கல்யாண சமையல்காரர்கள் என்றால் நான் நேராக 1 கிலோவுக்குக் கீழே உள்ள ஸ்டீமைத்தான் சொல்வேன். அரை கிலோ பிரஷரிலேயே 111 டிகிரி கிடைக்கிறது. சோறும் இட்லியும் வேக அது தாராளம். அந்த அழுத்தத்துக்கு ஐந்து மீட்டர் உயரத் தண்ணீர்க் குழாய் ஒன்றையே காவலாக வைக்கலாம். அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஸ்டீம் வெளியேறும். துருப்பிடிக்கவோ இறுக்கி வைக்கவோ அதில் ஸ்பிரிங் கிடையாது. இட்லி வேக வைக்க 10 கிலோ காயில் பாய்லர் வாங்கிக் குறைப்பான் வால்வு போடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

டையிங் என்றால் ஐபிஆர், மறுபேச்சு இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு மெஷின் ஸ்டீம் இழுத்தால் காயிலில் சேமிப்பு இல்லாததால் பிரஷர் படுத்துவிடும். உடனே இன்னொரு 24 லிட்டர், அப்புறம் இன்னொன்று என்று வரிசையாக வைப்பார்கள். மூன்று பர்னர், மூன்று பம்ப், பொறுப்பான ஆள் ஒருவர்கூட இல்லை. பாலியஸ்டர் ஓட்டினால் டையிங் மெஷினே 130 டிகிரியில் பிரஷர் பாத்திரம்தான். உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூடியைத் திறக்க விடாத இன்டர்லாக்கை ‘லேட் ஆகுது’ என்று கழற்றிப் போடும் பழக்கம் இருக்கிறது. அப்படிக் கழற்றிய மெஷினை எந்த பாய்லரும் காப்பாற்றாது.

தம்பிக்கு அயர்னிங் மட்டும்தான். டையிங் யோசனையும் இல்லை. அதனால் காயில் பாய்லரையே வாங்கச் சொன்னேன், ஐபிஆர் பழக்கங்களோடு. சேஃப்டி வால்வு இரண்டு, வருடம் ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட், தினமும் காலையில் தண்ணீரின் கடினத்தன்மைச் சோதனை, ஒரு நோட்டுப் புத்தகம். ஸ்டீம் லைன் 3.5 கிலோவுக்கு மேல் ஓடுவதால் ஐபிஆர் தரத்துப் பைப். கொஞ்சம் முணுமுணுத்தார், ஒத்துக்கொண்டார்.

பொருத்திய அன்று போயிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சேஃப்டி வால்வின் வெளியேற்றுக் குழாயை மட்டும் சுவரோடு ஒட்டி, மார்பு உயரத்தில் வெளியே விட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். செக்கிங் வேலை பார்க்கும் பெண்கள் மத்தியானம் நிழலுக்கு உட்கார்ந்து சாப்பிடும் திண்ணை. வெல்டரைக் கூப்பிட்டுக் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிவிட்ட பிறகுதான் பர்னரைப் போடச் சொன்னேன்.