சாம்பொராடோவுக்குத் தப்லேயாவா, கொக்கோ பவுடரா?

பாகியோ பிலிப்பைன்ஸில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை நகரம். ஜனவரி விடியலில் அங்கே 10 டிகிரியை ஒட்டி இறங்கும். 1961 ஜனவரி 18 அன்று 6.3 வரை போனது. அந்தக் குளிருக்குப் பிலிப்பைன்ஸ்காரர்கள் காய்ச்சுவது சாம்பொராடோ, அதாவது ஒட்டரிசியில் செய்த சாக்லேட் கஞ்சி. கடித்துக்கொள்ள ‘துயோ’ என்னும் சாளைக் கருவாடு. கூழுக்குக் கருவாடு கடித்த நாக்குக்கு இந்த ஜோடி அந்நியமில்லை, கூழ் இனிக்கிறது என்பதுதான் புதுசு. மெக்சிகோவில் இது மக்காச்சோள மாவில் செய்யும் பானம். ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஓடிய கப்பல்கள் வழியாகப் பிலிப்பைன்ஸுக்கு வந்த இடத்தில் மாவு போய் அரிசி ஏறிக்கொண்டது.

கஞ்சி நன்றாக வருவது தப்லேயாவைப் பொறுத்தது. கொக்கோ கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்து வில்லையாக உறையவைத்ததுதான் தப்லேயா. வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். கொக்கோ என்று மட்டும் இருந்தால் எடுக்கலாம். சர்க்கரை, மாவு, வேர்க்கடலை என்று பட்டியல் நீண்டால் வைத்துவிடுங்கள். மாவு கலந்தது கஞ்சியைப் பசையாக்கிவிடும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். சூடுபட்டு வெளியே வந்து படிந்த கொக்கோக் கொழுப்பு அது, கொதியில் கரைந்துவிடும். பஞ்சு மாதிரி படர்ந்து மக்கல் வாடை அடித்தால்தான் குப்பைக்கு.

கொக்கோ பவுடர் மலிவு, நிறமும் நன்றாகக் கொடுக்கும். ஆனால் கொழுப்பைப் பெரும்பாலும் பிழிந்தெடுத்த சரக்கு என்பதால் வாயில் அந்த வழுவழுப்பு வராது. நேராகக் கொதியில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். ஆறிய தண்ணீரில் குழைத்துத்தான் ஊற்ற வேண்டும். பெட்டியில் வரும் ரெடிமேட் கலவை அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். இனிப்பைக் குறைக்க அதில் வழியே இல்லை.

அளவு: ‘மலக்கிட்’ எனப்படும் ஒட்டரிசி 1 கப், தண்ணீர் 6 கப், தப்லேயா 50–60 கிராம், சர்க்கரை அரை கப்புக்குள், உப்பு ஒரு சிட்டிகை. வில்லைகள் கடைக்குக் கடை வேறு அளவில் வருவதால் எண்ணிப் போடாமல் நிறுத்துப் போடுங்கள். பொன்னி அரிசி இதற்கு ஆகாது, தண்ணீர் தனி சோறு தனியாக நிற்கும். மலேசியத் தமிழர்கள் புலுட் என்று வாங்கும் அரிசிதான் வேண்டும்.

அரிசியைக் கழுவி அடிகனமான பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். 15–20 நிமிடத்தில் மணி விரிந்து கஞ்சி கொழகொழக்கும். அதற்கு முன் சர்க்கரை போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அரிசி மேற்கொண்டு வேகாமல் நடுவில் நறுக்கென்று நிற்கும். தப்லேயாவைக் கொஞ்சம் வெந்நீரில் தனியாகக் கரைத்து ஊற்றி, பிறகு சர்க்கரை, உப்பு. இங்கிருந்து கரண்டி அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொக்கோ அடிப்பிடித்தால் அந்தக் கசப்பை எந்தச் சர்க்கரையும் மூடாது. கரண்டியிலிருந்து தாராளமாக ஒழுகும் பதத்திலேயே இறக்குங்கள், கிண்ணத்தில் ஆற ஆறத் தானே இறுகும்.

எவாபரேட்டட் பாலை (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த டின் பால்) மேலே சுற்றி ஊற்றி, கலக்காமல் விட்டுச் சாப்பிடுவதே ருசி. வெள்ளைக் கோடு கருப்பில் மெல்ல இறங்கும், ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கண்டென்ஸ்டு பால் ஊற்றுவதானால் சர்க்கரையைப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் திகட்டும்.

துயோவைக் கொஞ்சம் எண்ணெயில், மிதமான தீயில், பக்கத்துக்கு அரை நிமிடம் போல வறுத்தால் போதும். அதற்கு மேல் போனால் கருகிக் கசக்கும். மீந்த கஞ்சி மறுநாள் கட்டியாகிவிடும். சுடுதண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். கருவாட்டை மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்து வறுங்கள், குளிர் எவ்வளவு இருந்தாலும்.